தலை முன்னால் போகட்டும்

கிள்ளானில் காப்பார் சாலையை ஒட்டிய அந்தக் கடை வரிசையில் டயர் கடைக்காரன் ஆளைப் பார்த்ததும் "வாங்க பாஸ்" என்பான். முடிவெட்டும் கடையில் "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்பார்கள். விமலனின் கடையில் மட்டும் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. திரும்பிப் போகிறவர்களும் "வரேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் நன்றாகவா இருக்கும்? பிணப் பெட்டி விற்கிற கடை அது. பெட்டி, வேன், வாசலில் போடுகிற கனோபிப் பந்தல், நாற்காலி, குளிப்பாட்டி உடுத்த ஆள், சுடுகாட்டில் நேரம் குறிப்பது வரை எல்லாம் விமலன் பொறுப்பு. ஆண்களை அவனும் வேன் ஓட்டும் கன்னையாவும் பார்த்துக்கொள்வார்கள். பெண்களை அவன் மனைவி மலரும் மார்க்கிரட் அக்காவும் பார்த்துக்கொள்வார்கள். கீழே கடை, மேலே வீடு. வாழ வந்த புதிதில் மலர் படியிறங்கும்போது பெட்டிகள் பக்கம் திரும்பவே மாட்டாள். இப்போது பெட்டி மூடியின் மேல் பாசார் காய்கறிப் பையை வைத்துவிட்டுச் சாவி தேடுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த டிசம்பரில் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டியது பள்ளி லீவு.

ஒரே மகள் ஷர்வினி இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் முடித்திருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொல்வதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். மதிப்பெண் அட்டை வாங்கப் போன அன்று ஆலோசக ஆசிரியை மிஸ் வசுந்தரா மலரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"ரிசல்ட் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா. ஆனா மெடிசின் கேட்டு வர்ற எல்லாப் பிள்ளைக்கும் ஏ-தான். அப்பறம் எதை வெச்சு எடுப்பாங்க? இன்டர்வியூல கேப்பாங்க, லீவுல என்ன செஞ்சேன்னு. தூங்குனேன், ஃபோன் பாத்தேன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது டீச்சர்."

"அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. மூச்சு விட நேரமிருக்காது. இந்த லீவுதான். ஏதாவது உருப்படியா செய்யச் சொல்லுங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டில் அதுதான் பேச்சு. வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. ரசம், கோஸ் பிரட்டல், நெத்திலி சம்பால். விமலன் சம்பாலை மட்டும் நகர்த்தி நகர்த்தித் தின்றான்.

"பி.ஜே.ல ஒரு கேம்ப் இருக்குப்பா. யங் டாக்டர்ஸ் கேம்ப். ஹோட்டல்ல நடக்கும். வெள்ளைக் கோட்டு குடுப்பாங்க. ஊசி போடக் கத்துத் தருவாங்க" என்றாள் ஷர்வினி.

"யாருக்குப் போடறது?"

"ரப்பர் கைக்கு லா."

"ரப்பர் கைக்கா? அதுக்கு ஹோட்டலா?" விமலன் சிரித்தான்.

"இன்னொன்னு, ஜெனரல் ஆஸ்பத்திரில வாலன்டியர். வீல்சேர் தள்ளணும், ஃபைல் எடுத்துட்டுப் போவணும், வழி காட்டணும். முழுசா முடிச்சா லெட்டர் குடுப்பாங்க."

"அது நல்லாருக்கு. ஆஸ்பத்திரில நமக்கு எல்லாரும் தெரிஞ்சவங்கதான். மோர்ச்சுவரில ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்னா..."

"அப்பா, பிளீஸ் லா. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க."

விமலன் மறுபடியும் சம்பாலுக்குத் திரும்பினான். அவனுக்குச் செல்வாக்கு என்று ஊரில் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். அதையும் மகள் வேண்டாம் என்றால் என்ன செய்வான், பாவம்.

மலருக்கும் ஒரு யோசனை இருந்தது. மார்க்கிரட் அக்கா மகள் பிரசவத்துக்காக ஜொகூருக்குப் போய்விட்டார். தைப்பூசத்துக்குத்தான் திரும்புவார். மழைக்காலம் வேறு, வயதானவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புகிற காலம். ஒற்றை ஆளாக ஓர் உடம்பைப் புரட்டிச் சேலை கட்டுவதற்குள் மலருக்கு இடுப்பு கழன்றுவிடுகிறது. லீவில் பிள்ளை கூட வந்து ஒரு கை பிடித்தால் போதும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வாளா? மகளை இந்த வேலையிலிருந்து கரையேற்றத்தானே இத்தனை பாடு. சொல்லாமல் ரசத்தை ஊற்றினாள்.

விமலன் திடீரென்று மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஆபீசர் ஆனான். "யெஸ், நெக்ஸ்ட். பேரு என்னா?"

"ஷர்வினி த/பெ விமலன், சார்."

"ஏன் டாக்டராவணும்?"

அவள் ஏதோ மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள்.

"குட். அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

ஷர்வினி கண் இமைக்கவில்லை. "ஈவென்ட் மேனேஜ்மென்ட், சார்."

விமலன் வாய்விட்டுச் சிரித்தான். "கனோபி, நாக்காலி, வேன். ஈவென்ட்தானே மலரு? தப்பே இல்ல." மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மலர் சோற்றுக் கரண்டியை நீட்டியபோது மட்டும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்துவிட்டான். சம்பால் இருக்கிற அன்று மறுசோறு வாங்காமல் எழுந்த மனிதனில்லை அவன். மலருக்கு அது சுருக்கென்றது.

*

ஷர்வினி ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுத்தாள். காலையில் விமலன் மைவி காரில் கொண்டுபோய் விடுவான், அதுவும் வாசலில் இல்லை, பேருந்து நிற்கிற இடத்தில். பிணவறைக்கு வேன் கொண்டுபோகிற நாட்களில் பின்பக்க வழியாகவே போய் வந்தான். மகள் முன்பக்கத்தில், அப்பன் பின்பக்கத்தில். ஒரே கட்டடம்.

முதல் வாரம் முழுக்க அவள் வாய் ஓயவில்லை. வார்டு ஐந்தில் சிஸ்டர் கண்டிப்பானவராம். மருந்துக் கவுண்டருக்கு வழி கேட்கிறவர்கள் எல்லோரும் கழிப்பறைக்குத்தான் போய் நிற்கிறார்களாம். பண்டாமாரானிலிருந்து பவுனம்மாள் என்று ஒரு பாட்டியம்மா படுத்திருக்கிறாராம், முன்பு கேரி தீவில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவராம்.

"என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குதும்மா. நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேக்குது."

"என்ன சொன்ன?"

"கிள்ளான்னு சொன்னேன்."

மலர் சிரித்தாள். பிள்ளை பொய்யும் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், மதியத்துக்கு முன்பே ஷர்வினி டாக்சி பிடித்து வந்து இறங்கினாள். கீழே பெட்டிகளுக்கு நடுவே போட்டிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலர் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

பவுனம்மாளை ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தள்ளுபடுக்கையை ஒரு மலாய்க்கார ஊழியர் தள்ள, ஷர்வினி கூட நடந்தாள். வார்டு கதவு தாண்டி லிஃப்டை நோக்கித் திருப்பியபோதுதான் அவள் கவனித்தாள். பாட்டியின் கால் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கண்ணில்கூடப் பட்டிருக்காது. இவள் நடை பழகியதே பெட்டிகளுக்கு நடுவில். "கால் முன்னால" என்று அப்பா சொல்ல, நாலு பேர் தோள் கொடுக்க, அந்த வீட்டுப் பெண்கள் குரலெடுத்து அழ, அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். செத்தவர்கள்தான் கால் முன்னால் போவார்கள். உயிரோடிருக்கிற ஒருவரை அப்படிக் கொண்டுபோவதா? "அபாங், செகெஜாப்" என்று நிற்கச் சொல்லிவிட்டு, அவளே படுக்கையின் கம்பியைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் கதவுப் பிடியில் மாட்டியது. ஊசி பிய்ந்து வெளியே வந்து, வெள்ளைத் துப்பட்டியில் ரத்தம்.

சிஸ்டர் ஓடி வந்தார். ஏன் திருப்பினாய் என்று கேட்டார். பதறிப்போனவளுக்குப் பொய் வரவில்லை. எங்கள் வீட்டில் செத்தவர்களைத்தான் இப்படிக் கொண்டுபோவோம், எங்கள் அப்பா அந்த வேலைதான் செய்கிறார் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பவுனம்மாளின் மகன் சுகுமாறன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த அண்ணன் கத்துனாரும்மா. பொண வண்டிக்காரன் மகள கொண்டாந்து எங்கம்மா பக்கத்துல வுட்டுருக்கீங்களான்னு. எங்கம்மாவ இப்பவே அளவெடுக்க வந்தாளான்னு. வார்டே பாத்துச்சு."

"பாட்டி?"

"பாட்டிதான் அவரத் திட்டுச்சு. புள்ள சரியாத்தான்டா சொல்லுது, எனக்கு இன்னும் மூச்சு இருக்கு, தலை முன்னால போவட்டும்னு." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடியும் அழுதாள். "சிஸ்டர் அப்பறம் தனியா சொன்னாங்க. தள்ளுறவங்க பக்கம் தலை இருந்தாத்தான் மொகத்தப் பாத்துக்கிட்டே தள்ள முடியுமாம். மூச்சுத் தெணறுதா, வலிக்குதான்னு தெரியுமாம். எனக்குத் தெரியாதும்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

புகார் எழுதிக் கொடுத்துவிட்டான் சுகுமாறன். இனி வர வேண்டாம் என்று பொறுப்பாளர் தன்மையாகவே சொல்லியிருக்கிறார். முடிக்காததால் லெட்டரும் கிடையாது.

விமலன் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படுவான் என்று மலர் நினைத்தாள். அவன் பெட்டி ஒன்றின் பித்தளைப் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னாலதானே" என்றான் கடைசியில்.

"ஒங்களால என்னங்க? ஊசியப் புடுங்குனது அவ."

"இல்ல மலரு. நான் டயர் கடை வெச்சிருந்தா அவ ஏன் திருப்பப் போறா?"

மலர் எழுந்து மாடிக்குப் போனாள். சுகுமாறன் என்கிறவன் மீது வந்த ஆத்திரத்தையெல்லாம் அன்று துணி துவைப்பதில் காட்டினாள்.

மறுநாளே அவள் மிஸ் வசுந்தராவுக்கு ஃபோன் செய்து, அந்தப் பி.ஜே. கேம்ப்பில் கெஞ்சிக் கூத்தாடி ஓர் இடம் பிடித்தாள். நகைச் சீட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினாள். ரப்பர் கையாவது இருக்கட்டும். ஆபீசர் கேட்டால் சொல்வதற்கு ஒன்று வேண்டுமே. ஷர்வினி சரி என்றாள். அதில் பழைய பிடிவாதம் இல்லை.

*

கேம்ப் தொடங்குகிற நாள் காலையில் ஃபோன் வந்தது. ஷர்வினி பையைத் தோளில் மாட்டி, கேம்ப்பில் முன்கூட்டியே கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக் கையில் மடித்து வைத்துக்கொண்டு படியில் நின்றாள். கன்னையா வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். விமலன் ஃபோனில் வழக்கமான தணிந்த குரலில் கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

"எந்த இடங்க? பண்டாமாரான் ஃபிளாட். ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்குக் கூட்டியாந்த பெறவுதானா, சரி. எத்தனாவது மாடி? ரெண்டு. லிஃப்ட் இல்ல, சரி. அம்மா பேரு? பவுனம்மாள்." சட்டென்று நிமிர்ந்து மகளைப் பார்த்தான். "நீங்க அவங்க மகனுங்களா? சரிங்க சுகுமாறன். பொம்பளயாளு இருக்காங்க, வந்துருவாங்க."

ஃபோனை வைத்தான். சுகுமாறனுக்கு இது யார் கடை என்று தெரிந்திருக்க நியாயமில்லை. யாரோ கொடுத்த நம்பராக இருக்கும்.

"நான் தனியா போறேன்" என்றாள் மலர். "கன்னையா, நீ புள்ளய மொதல்ல ரயில் ஸ்டேஷன்ல வுட்டுட்டு வா."

"அண்ணி, ஒத்தையாளா எப்பிடி? பெரிய ஒடம்பா இருந்தா?"

"பாத்துக்கலாம். போ."

ஷர்வினி பையைக் கழற்றிப் பெட்டி மூடியின் மேல் வைத்தாள். கோட்டையும் அதன் மேல் வைத்தாள்.

"நான் வரேன்மா."

"ஒனக்கென்ன பைத்தியமா? அவன் வாயில மறுபடியும் விழணுமா? இன்னிக்குப் போகலன்னா கேம்ப்புல சேக்க மாட்டாங்க. சுசா லா வினி, எவ்ளோ கஷ்டப்பட்டுக் கெஞ்சி வாங்குனேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா போ."

"அந்தப் பாட்டிய எனக்குத் தெரியும். நீ தனியா பொரட்டுனா இடிக்கும். அவங்களுக்கு எடது தோள்ல வலி, அந்தப் பக்கம் சாஞ்சு படுக்கவே மாட்டாங்க."

இனி என்ன வலி என்ற கேள்வி மலருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அவளும் அப்படித்தான், செத்தவர்களுக்கு வலிக்கும் என்பதுபோலவே தொடுகிறாள். அதை இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாக மலருக்கு நினைவில்லை. விமலனைப் பார்த்தாள். அவன் மகளைப் பார்த்து, "தலைய இறுக்கிக் கட்டிக்க" என்று மட்டும் சொன்னான்.

*

ஃபிளாட்டில் ஈரச் செருப்புகள் குவிந்து கிடந்தன. கதவருகே நின்ற சுகுமாறன் முதலில் விமலனைப் பார்த்தான், பிறகு மலரை, பிறகு பின்னால் நின்ற ஷர்வினியை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்வதும் இல்லை. விலகி வழி விட்டான்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் வேலை பார்த்தார்கள். வீட்டுப் பெண்கள் எண்ணெயும் சீயக்காயும் வைத்து ஆளுக்கொரு சொம்பு ஊற்றியதும், அழுகை தாளாமல் வெளியே போய்விட்டார்கள். பவுனம்மாளின் கையில், ஊசி பிய்ந்த இடம் இன்னும் நீலம் பாரித்துக் கிடந்தது. ஷர்வினி அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் துடைத்து மேலே வைத்தாள். வலது பக்கமாகவே புரட்டினாள். மலர் கொசுவம் மடிக்க, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பழகிய கை மாதிரி இருந்தது. மலருக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

தேவாரம் முடிந்து, வாய்க்கரிசி போட்டு, பெட்டியைத் தூக்கினார்கள். அந்த வீட்டு இளவட்டங்களுக்குப் பழக்கம் இல்லை. நடைபாதை ஒடுங்கல், மழைத்தண்ணீர் வேறு வழுக்கியது. தலைமாட்டைப் பிடித்தவர்கள் அவசரத்தில் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். பின்னால் வந்த கூட்டத்தில் விமலன் சிக்கிக்கொண்டான்.

"அண்ணே, நில்லுங்க." ஷர்வினியின் குரல் அழுகைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. "கால் முன்னால."

எல்லோரும் நின்றார்கள். முன்வரிசையில் தோள் கொடுத்திருந்த சுகுமாறன் திரும்பி அவளைப் பார்த்தான். மலர் மகள் பக்கம் நகர்ந்து நின்றாள். இங்கேயும் கத்தினால் தானும் பதிலுக்குக் கத்துவது என்று முடிவு செய்தாள்.

சுகுமாறனின் வாய் கோணியது. "திருப்புங்கடா" என்றான் தம்பிமாரிடம். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. வேன் கிளம்பக் காத்திருந்த நேரத்தில் மலரும் மகளும் மைவியில் ஏறினார்கள். சுகுமாறன் வெற்று மார்போடு மழையில் நனைந்துகொண்டே கார் அருகில் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நன்றி சொல்லலாமா, மன்னிப்புக் கேட்கலாமா, போய்ட்டு வாங்க என்றாவது சொல்லலாமா? சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு இந்த ஆட்களிடம் எதைச் சொல்வது? ஷர்வினி பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. அதைத் திறந்து, அவள் துப்பட்டா முனையை உள்ளே எடுத்துவிட்டு, மெதுவாகச் சாத்தினான். அவர்களும் எதுவும் சொல்லாமல் கிளம்பினார்கள்.

*

விமலனும் சுடுகாட்டிலிருந்து திரும்பி, எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மழை விட்டிருந்தது. கேம்ப்பிலிருந்து ஃபோன் வந்தது, இடம் இல்லை என்று. மலர் ஃபோனை வைத்துவிட்டுச் சோறு போட்டாள். சோறு, சாம்பார், சம்பால். மூன்று பேரும் பாதித் தட்டு வரை சும்மா சாப்பிட்டார்கள்.

விமலனால் அப்படி இருக்க முடியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினான். "யெஸ், நெக்ஸ்ட். பேரு?"

"ஷர்வினி, சார்."

"ஏன் டாக்டராவணும்?"

"இப்ப யோசிச்சிக்கிட்டு இருக்கேன், சார். முன்னாடி ஒரு பதில் வெச்சிருந்தேன்."

"ஓகே, ஓகே. சரி, போலாம். அடுத்த ஆளக் கூப்புடு."

"நீங்க ஒண்ணு கேக்கல, சார்."

"என்னா கேக்கல?"

"எங்கப்பா என்ன வேலைன்னு."

விமலன் சம்பாலைக் கிளறினான். "அது... முக்கியமில்ல லா."

"கேளுங்கப்பா."

அவன் மலரைப் பார்த்தான். மலர் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?" ஆபீசர் குரல் எங்கேயோ போய்விட்டது.

"செத்தவங்கள வீட்டுலேருந்து கொண்டுபோயி விடுவாரு, சார். கிள்ளான்ல காஸ்கெட் கடை. லீவுல நான் எங்கம்மாவுக்கு ஒதவிக்குப் போனேன். ஆஸ்பத்திரிலயும் இருந்தேன், பாதியில வேணாம்னுட்டாங்க, தப்பு என்னுதுதான். ஆஸ்பத்திரில ஏன் கால் முன்னால தள்ளுறாங்கன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்க. தள்ளுறவங்க தலைமாட்டுல நின்னு மொகத்தப் பாத்துக்கிட்டே வரணுமாம்." அப்பாவைப் பார்த்தாள். "எங்கப்பாவும் தலைமாட்டுலதான் நடப்பாரு, சார். வேன்ல ஏத்துற வரைக்கும். நான் சின்னப் புள்ளயிலேருந்து பாத்துருக்கேன்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்து, மறுபடியும் துடைத்து, மேசைமேல் வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்று மலர் சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

விமலன் தட்டை நீட்டினான்.